நாடா கட்டாத பை

– போட்டோவே எடுத்து வச்சிருக்கேன்டி. என் கண்ணை நம்ப வேணாம், போனை நம்புவேல்ல?

– அக்கா, தலையை ஆட்டாதீங்க. முடியில பூசின டை நெத்தியில இறங்குது.

– நீ டையைப் பாரு, நான் சொல்றதையும் காதுல வாங்கு. விடிஞ்சும் விடியாம இருக்கு. தெருவுல ஈ காக்கா இல்ல. கையில ஒரு கறுப்புப் பை. இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கறா, அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கறா. விறுவிறுன்னு நடந்து, நம்ம தெருமுனையைத் தாண்டி, ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி இருக்கற தொட்டியில போட்டுட்டு, காத்து வாங்கப் போனவ மாதிரி கையை வீசிக்கிட்டு வர்றா. யாரு? நம்ம தெருச் சங்கத் தலைவி. டீச்சரம்மா!

– ஆஸ்பத்திரித் தொட்டி வரைக்கும் உங்க ஜன்னல்லேர்ந்து தெரியுதா?

– மாடிக்கு ஏறினா தெரியும்.

– ஏறினீங்களா?

– ஒரு சந்தேகம்னு வந்தா தீர்த்துக்க வேணாமா? நான் எதுக்குச் சொல்றேன்னா, எனக்கு ஒண்ணும் அவளைக் கவனிக்கணும்னு வேண்டுதல் இல்ல. என் ஜன்னலுக்கு நேரா அவ வாசல். திரையை விலக்கினா அவதான் தெரியறா. அதுக்கு நான் என்ன பண்றது?

– விலக்காம இருக்கலாம்.

– இந்த வாய்க்குத்தான் உன் பார்லர்ல கூட்டமே இல்ல. சரி, விஷயத்துக்கு வா. அந்தப் பையில நாடா இல்ல.

– நாடா...

– என்ன இழுக்கறே? வீட்டுக்கு ஒரு நிறத்துல நாடா, அதைக் கட்டாம குப்பைப் பையை வெளிய வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? அவதான. எங்களுக்கு மஞ்சள், உனக்கு ஊதா, அவளுக்குப் பச்சை. "எந்த வீடு பிரிச்சுப் போடுது, எந்த வீடு கலந்து போடுதுன்னு தெரிஞ்சாத்தான் தெரு திருந்தும்"னு கூட்டத்துல நின்னு பாடம் நடத்தினா. என்னமா கை தட்டினாங்க! எங்க வீட்டுக்காரர் கை சிவந்து போச்சு. நான் எங்க அண்ணன் கல்யாணத்துல பாடினப்போ அந்த மனுஷன் ஒரு தட்டு தட்டல.

– நாடா அவங்க யோசனை, சரி. மைக்கு யாரோடது?

– என்னோடது. பெருமையாவே சொல்வேன். வெறும் நாடாவைக் கட்டி என்ன பிரயோசனம்? குப்பை வண்டிக்காரர் மைக்குல கூப்பிட்டாத்தானே நாலு பேருக்குத் தெரியும். "மஞ்சள் வீடு, சுத்தம்! நீல வீடு, கலந்திருக்கு! சிவப்புப் பை, ஆரஞ்சு வீடு!" கேக்கவே எவ்வளவு ஒழுங்கா இருக்கு.

– டீச்சர் வேணாம்னாங்க.

– வேணாம்னா. யாருக்குக் கை தூக்கினாங்க? எனக்கு. இந்தத் தெருவுக்கு அவ குடி வந்ததுலேர்ந்து அவ பேச்சு எடுபடாத ஒரே நாள் அதுதான். நான் அன்னிக்கு நிம்மதியாத் தூங்கினேன்.

– சிவப்புப் பையையும் கூப்பிடணுமான்னு கேட்டாங்களே. புண்ணுக்குக் கட்டிப் பிரிச்ச துணி, டயப்பர், அந்த மாதிரி இருக்கறது. அதை ஏன் ஊரைக் கூட்டிச் சொல்லணும்னு.

– எல்லாப் பையையும் கூப்பிட்டா அதையும்தான் கூப்பிடணும். ஒழுங்குன்னா எல்லாத்துக்கும் ஒண்ணு.

– இந்தப் பார்லருக்கு மேல இருக்கற மாடி வீட்டம்மாவைக் கூப்பிட்டாங்களே ஒரு நாள்.

– ஐயோ, ஞாபகப்படுத்தாதே! எவ்வளவு பூச்சு, எவ்வளவு அலட்டல். படியில இறங்கினா நம்மளைப் பாத்து ஒரு சிரிப்பு கிடையாது. கடைசியில பாத்தா, "சிவப்புப் பை, ஆரஞ்சு வீடு!" அந்த வீட்ல அவளும் புருஷனும்தான். ரெண்டுல யாருக்கு டயப்பர்னு தெருவே யோசிக்குது. சிரிப்பு வருமா வராதா?

– வந்துச்சு. இங்க பார்லருக்குள்ள வரைக்கும் கேட்டுச்சு உங்க சிரிப்பு.

– எல்லாரும்தான் சிரிச்சாங்க.

– உங்களுக்கு அப்புறம்.

– என் சிரிப்பு கொஞ்சம் பெருசு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும், வாயைத் தச்சுக்கட்டுமா?

– அவங்க அப்புறம் முடி வெட்டிக்க வரவே இல்லக்கா. படியிலயே இறங்கறதில்ல.

– ...வருவா. முடி வளராமலா போயிடும்?

– குனிங்க. பின்கழுத்துல பூசணும்.

– நல்லாப் பூசு. ஒரு வெள்ளை தெரியக் கூடாது. சாயங்காலம் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கறாங்க, தெரியும்ல? அவ திரும்ப நிக்கறா. எதிர்த்து நிக்க ஆள் இல்லன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இருக்கு. நான் எழுந்திருப்பேன். பேசவே மாட்டேன். இந்தப் போட்டோவைக் காட்டுவேன். "டீச்சர், இந்தப் பையில என்ன இருந்துச்சுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டு அப்புறம் தலைவியா இருங்க"ம்பேன். அவ்ளோதான்.

– அவங்க சொல்லலைன்னா?

– சொல்லலைன்னா திருடி. சொன்னா அதைவிட நல்லது.

– அக்கா, அந்தப் போட்டோவை அழிச்சிடுங்க.

– ஏன்? உனக்கென்ன வந்துச்சு?

– எனக்கு ஒண்ணும் இல்ல. அவங்களுக்கு ஒரு காரணம் இருக்கும்னு தோணுது.

– காரணம் யாருக்குத்தான் இல்ல? நீல வீட்டுக்காரர் கலந்து போட்டாரே, அவர் பொண்டாட்டி ஊருக்குப் போயிருந்தா. அது காரணமில்லையா? விட்டோமா? ஆளாளுக்குக் காரணம் சொன்னா அப்புறம் தெரு எதுக்கு, சங்கம் எதுக்கு, காட்டுலயே இருந்துடலாமே.

– பாங்க்ல அன்னிக்கு வரிசையில நாமளும் நின்னோம்ல. நீங்க எல்லாரையும் தாண்டி முன்னாடி போயிட்டீங்க.

– அது முழங்கால் வலிடி!

– அதைத்தான் சொல்றேன். உங்க முழங்காலை யாரும் மைக்குல கூப்பிடல.

– ரொம்பப் பேசறே.

– கை தூக்கி நாம எல்லாரும் சேர்ந்து போட்டுக்கிட்ட ஒழுங்கு ஒண்ணு இருக்கு. அவங்கவங்க உள்ளுக்குள்ள, இது செய்யலாம், இது செய்யக் கூடாதுன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டும் பெரும்பாலும் ஒண்ணாத்தான் போகும். எப்பவாவது முட்டிக்கும்போது எதை விடறதுன்னு...

– இரு, இரு. இது உன் பேச்சில்ல. இது அவ பேச்சு. இங்க வந்தாளா?

– நுனி மட்டும் வெட்டிக்கிட்டாங்க.

– என்னைப் பத்தி என்ன சொன்னா?

– ஒண்ணும் சொல்லலையே.

– ஒண்ணுமேவா?

– ஒண்ணுமே.

– பாத்தியா திமிரை!

– ஆடாதீங்கன்னு சொல்றேன்ல.

– இவ்வளவு நாளா எதிர்வீட்ல இருக்கேன், என்னைப் பத்திச் சொல்ல அவளுக்கு ஒண்ணுமே இல்லையாம். நான் அவளைப் பத்தி இங்க எவ்வளவு பேசறேன்! சொல்லு, நான் என்ன அவளைவிடக் குறைஞ்சு போயிட்டேன்? அவ பலகையில எழுதினா முத்து மாதிரி இருக்காம். அவ வச்சா செடி பூக்குதாம். எங்க வீட்டுக்காரர் பல்பு மாத்தணும்னாகூட "டீச்சரைக் கேட்டுக்கலாம்"ங்கறார். பல்புக்கு என்னத்துக்கு டீச்சர்? அதெல்லாம்கூட விடு. எங்க மாமனார் விஷயம்தான் எனக்கு ஆறல.

– மாமனாருக்கு என்ன?

– சொன்னா சிரிப்பே. நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அந்த மனுஷன் என்கிட்ட பேசினதை ஒரு டம்ளர்ல பிடிச்சுடலாம். "சாப்பிடறீங்களா மாமா"ன்னா, ம். "மாத்திரை போட்டாச்சா"ன்னா, ம். அவ வாசல்ல நின்னா கையை ஆட்டி ஆட்டிப் பேசறார்டி! சிரிக்கறார்! அவருக்குக் கடைவாய்ப் பல் மிச்சம் இருக்குன்னே அவ வாசல்ல வச்சுத்தான் எனக்குத் தெரியும்.

– வயசானவங்களுக்கு வெளி ஆள்கிட்டப் பேசறது...

– பேசட்டுமே! குரலை இறக்கிப் பேசறாரே, அது ஏன்? இவரு குனிஞ்சு என்னமோ சொல்றார், அவ தலையை ஆட்டறா. என்னைப் பத்தித்தான். வேற என்ன இருக்கும்? இப்ப கொஞ்ச நாளா இன்னும் மோசம். அறைக் கதவைத் தாழ் போட்டுக்கறார். துணியை அவரே துவைக்கறார், நான் தொடக் கூடாதாம். என் கை என்ன கரியா? தண்ணி குடுத்தா பாதியில வச்சுடறார். நான் விஷமா கலக்கறேன்?

– அக்கா, வீட்ல இருக்கறவங்ககிட்ட சில விஷயம் சொல்லக் கூச்சமா இருக்கும்.

– என்கிட்ட என்ன கூச்சம்? நான் என்ன ஊருக்குத் தமுக்கடிக்கறவளா?

– ...காதைக் கொஞ்சம் மடிச்சுப் பிடிங்க.

– ஒண்ணே ஒண்ணுல மட்டும் எனக்கு ஆறுதல். அவருக்கு ஒரு பழக்கம். வீட்டு ஆளுங்க செருப்பைக் கழட்டிப் போட்டா, பின்னாடியே வந்து ஜோடி சேர்த்து, வெளியப் பாக்கத் திருப்பி வைப்பார். காலை நுழைச்சா நேரா கிளம்பிடலாம். விருந்தாளிக்கெல்லாம் செய்ய மாட்டார். மகனுக்கு, பேத்திக்கு, எனக்கு. வந்த புதுசுல எனக்கு ஒரே அழுகை, "என்னைப் போகச் சொல்றார்"னு. அப்புறம்தான் புரிஞ்சுது, அவருக்கு அப்படித்தான் பேசத் தெரியும்னு.

– அதான் இங்க ஒண்ணைக் கிழக்கயும் ஒண்ணை மேற்கயும் உதறிட்டு வந்தீங்களா? என் செருப்பு மேல கிடக்கு ஒண்ணு.

– திருப்பி வைக்க இங்க யாரு இருக்கா? கேளு. அவ வாசல்ல நிக்கும்போது, அவ செருப்பையும் திருப்பி வைக்கறாரான்னு பாத்தேன்.

– பாத்தீங்களா?

– தினமும் பாக்கறேன். இதுவரைக்கும் இல்ல.

– அப்போ ஜெயிச்சாச்சு, விடுங்க.

– கிண்டல் பண்ணு, பண்ணு. உனக்கு மாமனார் இல்ல, எதிர்வீடு இல்ல. உனக்கு என்ன... ஐயோ! கண்ணுல! கண்ணுல இறங்கிடுச்சுடி!

– ஆடாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்! எழுந்திரிங்க. மெதுவா. இந்தத் தொட்டியில தலையைப் பின்னால சாயுங்க. தண்ணி விடறேன். கண்ணை இறுக்கி மூடிக்கோங்க, மேல ஈரத் துண்டு போடறேன்.

– எரியுதே!

– கொஞ்ச நேரம் அப்படியே இருங்க. துண்டை எடுக்காதீங்க, பேசவும் பேசாதீங்க. வாய்க்குள்ள போயிடும்.

– பாப்பா... இருக்கியாம்மா?

– ஐயா! ஐயா, இப்போ வேணாம். ஆள் இருக்காங்க. அப்புறமா வாங்க.

– நான் உள்ள வரல. வாசல்லயே நிக்கறேன். டீச்சர் வீடு பூட்டியிருக்கு. கூட்டத்துக்கு நாற்காலி போடப் போயிட்டாங்க போல.

– ஐயா, சொன்னாக் கேளுங்க. இங்க ஒருத்தங்க...

– படுத்திருக்காங்க. முகத்துல துண்டு இருக்கு. தெரியுதும்மா. அதுவும் நல்லதுதான். நான் அவங்க முகத்தைப் பாக்க வேணாம், அவங்க என் முகத்தைப் பாக்க வேணாம். என்ன சொல்ல வந்தேன்... ஆங், இந்தப் பை.

– அங்கயே வைங்க. நான் பாத்துக்கறேன். நீங்க கிளம்புங்க.

– டீச்சர்தான் காலையில எடுத்துட்டுப் போவாங்க. இன்னிக்குக் கூட்டம் முடிய நேரமாகும். அதுவரைக்கும் அறையில வச்சிருந்தா வாடை வரும். எங்க மருமகளுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை.

– ஐயா, போதும்!

– ஒரு வார்த்தைம்மா, சொல்லிட்டுப் போயிடறேன். டயப்பரைக் காகிதத்துல நல்லாச் சுத்தியிருக்கேன். சிவப்புப் பைதான், மேல கறுப்பு ஒண்ணு போட்டிருக்கேன். சங்கம் சொன்ன மாதிரி எல்லாம் சரி. நாடா மட்டும் கட்டல. மஞ்சள் நாடா சட்டைப் பையிலதான் இருக்கு. கட்டிப் பாக்கறேன், அவுத்துடறேன். கட்டினா வண்டிக்காரர் கூப்பிடுவார். எங்க வீட்ல கைக்குழந்தை கிடையாது. யாருக்குன்னு தெரு கண்டுபிடிச்சுடும். வண்டிக்காரர் கூப்பிடறது பெருசில்லம்மா. எனக்குக் காது கேக்காதுன்னு இருந்துடுவேன். அன்னிக்கு மாடி வீட்டம்மாவைக் கூப்பிட்டாங்களே, அப்போ எங்க வீட்டு ஜன்னல்ல ஒரு சிரிப்பு கேட்டுச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச சிரிப்பு அது. என் சம்சாரம் போனதுக்கு அப்புறம் எங்க வீட்ல சத்தம்னு இருந்தா அந்தச் சிரிப்புதான். அறைக்குள்ள இருந்தே கேட்டுக்குவேன். அது என்னைப் பாத்து அப்படிச் சிரிச்சுடுச்சுன்னா, அப்புறம் நான் எதைக் கேட்டுக்கிட்டு இருக்கறது?

– அழாதீங்க ஐயா.

– அழல. கெட்ட மனசு கிடையாது அவளுக்கு. பட்டுனு சிரிச்சுடுவா, அப்புறம் அவதான் வருத்தப்படுவா. டீச்சர்கூடக் கேட்டாங்க, "மருமகள்கிட்டயே சொல்லலாமே, ஏன் என்கிட்ட வர்றீங்க"ன்னு. நீங்க எனக்கு யாரும் இல்லம்மா, அதனாலதான்னு சொன்னேன். யாரோ ஒருத்தர்கிட்ட சொல்லிடலாம். நம்ம ஆள்கிட்டச் சொல்றதுதான் கஷ்டமா இருக்கு. வர்றேன்மா. தண்ணியை மூடு, வழியுது பாரு.

– ...அக்கா. போயிட்டார். துண்டை எடுக்கட்டுமா?

– வேணாம். எரியுது.

– டை எல்லாம் அலசியாச்சே.

– எரியுதுன்னா எரியுது. விடு.

– சரி. இருங்க.

– உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?

– டீச்சர் ஊருக்குப் போனப்போ ஒரு தடவை நான் எடுத்துட்டுப் போனேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருந்தேன்.

– அவளுக்குத் தெரியும். உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரித் தொட்டிக்குத் தெரியும். ஒரே கூரைக்குக் கீழ இருக்கற எனக்குத் தெரியாது. மாடி ஏறிப் போட்டோ எடுத்திருக்கேன்டி நான்.

– உங்களுக்கு எப்படித் தெரியும்?

– தெரிஞ்சிருக்கணும். துணியைத் துவைக்கறார், தண்ணி குடிக்க மாட்டேங்கறார்... எதிர்வீட்ல என்ன நடக்குதுன்னே பாத்துக்கிட்டு இருந்தா எங்க தெரியும்? என் போனை எடு. அழி அதை.

– அழிச்சாச்சு.

– நல்லாப் பாரு. எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்.

– இல்லக்கா. சாயங்காலம் என்ன பண்ணப் போறீங்க?

– எழுந்து நிப்பேன். மைக்கு வேணாம், நாடாவோட நிறுத்திக்கலாம், கலந்து போட்டா வீட்டுல போய்ச் சொல்லிக்கலாம்னு சொல்லுவேன். "நீதானம்மா கொண்டு வந்தே"ம்பாங்க. ஆமா, நான்தான்ம்பேன். அப்போ எல்லாரும் யார் மூஞ்சியைப் பாப்பாங்க? அவ மூஞ்சியை. "டீச்சர் அன்னிக்கே சொன்னாங்களே"ன்னு. கைதட்டல் அவளுக்குத்தான் போகும். எங்க வீட்டுக்காரர் முதல் ஆளாத் தட்டுவார். வயிறு எரியுது எனக்கு. எரிஞ்சுட்டுப் போகட்டும்.

– மாடி வீட்டம்மா?

– போகும்போது படியேறிட்டுப் போறேன். கதவைத் திறப்பாளோ என்னமோ. அந்தப் பையைக் குடு.

– எதுக்கு?

– எதுக்கா? என் மாமனார் பையை அவ என்ன தூக்கறது, நீ என்ன தூக்கறது? நான் போடறேன். நாளையிலேர்ந்து நான்தான் போடுவேன்.

– நீங்க எடுத்தா, உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். அதுக்கு அப்புறம் உங்க முன்னாடி எப்படி நடமாடுவார்?

– ...ஆமால்ல.

– ஆமா.

– அப்போ அவளே தூக்கட்டும். தினமும். அவர் அவ வாசல்ல நின்னு சிரிக்கட்டும், அவ தலையை ஆட்டட்டும். நான் எதையும் பாக்காத மாதிரி இருக்கணும். என்னால முடியுமாடி?

– திரையை விலக்காம இருந்தாப் போதும்.

– இதைவிட என்னை ஜெயில்ல போட்டுடலாம். சரி. இருக்கேன். நீ மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. நான் இங்க படுத்திருந்தது, கேட்டது, எதுவுமே அவருக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு.

– அக்கா...

– என்ன வாசலையே பாத்துக்கிட்டு நிக்கறே? சத்தியம் பண்ணுடின்னா!

– துண்டை எடுத்துட்டு நீங்களே பாருங்கக்கா. என் செருப்பு கிடந்த மாதிரியே கிடக்கு. உங்களோடது மட்டும் ஜோடி சேர்ந்து, தெருவைப் பாக்கத் திரும்பியிருக்கு.